கருங்கல்லிலிருந்து ஜெர்மனிக்குப் போன நர்சுக்கு: எதை முதலில் முடிப்பது?

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் கருங்கல் பக்கம். வயது 29. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஜெர்மன் மொழியில் பி2 நிலை தேறி, ஐந்து மாதம் முன்பு ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு சிறு நகர மருத்துவமனையில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி கொடுத்த வீட்டில் நர்சுகள் நாலு பேர் சேர்ந்து இருக்கிறோம். என் நர்சிங் படிப்புக்கு ஜெர்மனியின் தொழில் அங்கீகாரம் இன்னும் வரவில்லை. சம்பளம் பேசியதைவிட ரொம்பக் குறைவாகக் கைக்கு வருகிறது. சம்பளச் சீட்டில் வரி வகுப்பு 6 என்றும் 'ஆர்கே' என்றும் போட்டிருக்கிறது. டி.வி. இல்லாத வீட்டுக்கு ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வருகிறது. சுவரில் பூஞ்சை பிடித்ததற்கு எங்கள் சமையல்தான் காரணம் என்று வீட்டுப் பொறுப்பாளர் எழுதி ஒட்டிவிட்டார். ஊரில் அப்பா குலசேகரம் பக்கம் 60 சென்ட் ரப்பர் விளைக்கு (தோட்டத்துக்கு) என் பெயரில் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் பத்திரம், பவர் (என் சார்பில் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பு என்கிறார். கணவரையும் மூன்று வயது மகளையும் சீக்கிரம் கூட்டிவர ஆசை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி, நாள் குறித்த காரியம் ரப்பர் விளைதான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பத்திரத்தை உங்கள் பெயரில் பதியக் கூடாது. பவரும் அனுப்ப வேண்டாம்.

வேலைக்கென்று நாட்டை விட்டுப் புறப்பட்ட நாளிலிருந்தே அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியர். வருமான வரிக்கு இத்தனை நாள் என்று எண்ணுவார்களே, அந்தக் கணக்கு இதற்குக் கிடையாது. வெளிநாடு வாழ் இந்தியர் வீடு வாங்கலாம், வீட்டு மனை வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலமும் தோட்ட நிலமும் பண்ணை வீடும் வாங்கக் கூடாது. ரப்பர் விளை இந்தத் தடைக்குள் நேராக விழுகிறது. நம் மாவட்டத்தில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் என்றாலே மனசு அருமனை, குலசேகரம், கடையாலுமூடு பக்கம் போவதால் இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. பதிவு அலுவலகத்தில் யாரும் பாஸ்போர்ட் கேட்காமலே பத்திரம் முடிந்துவிடவும் கூடும். சிக்கல் பின்னால் வரும். விதி மீறிய தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் போட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிற்பாடு விளையை விற்கும்போது இந்தச் சிக்கல் திரும்ப வரும். பணத்தை வெளியே கொண்டுபோக வங்கியில் கேட்டாலும் வரும். வெளிநாடு போவதற்கு முன்பே உங்கள் பெயரில் இருந்த விளை என்றால் வைத்துக்கொள்ளலாம். பெற்றோருக்குப் பின் வாரிசாக வந்தாலும் வைத்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு அந்த விளையின் மேல் உண்மையிலேயே ஆசை இருந்தால் ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பும் பணம் மகள் தகப்பனுக்குக் கொடுத்த அன்பளிப்பு, நிலம் முழுக்க அவருடையது. இதை இரண்டு பேரும் மனதார ஏற்க வேண்டும். 'பெயர் அப்பாவுடையது, நிலம் என்னுடையது' என்று உள்ளே ஒரு பேச்சு இருந்தால் பினாமிச் சட்டம் குறுக்கே வரும். அவர் உயில் எழுதாமல் போனால் கூடப்பிறந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆகவே உங்களுக்கென்று அவர் நினைத்தால் உயிலைப் பதிந்து வைப்பது நல்லது. ஜெர்மனியில் குடியிருப்பவர் கொடுக்கும் அன்பளிப்புக்கு அங்கேயும் வரி விதி இருக்கிறது. பெற்றோருக்குக் கொடுப்பதில் பத்து வருடத்துக்கு 20,000 யூரோ வரை வரியில்லை. அதைத் தாண்டினால் வரி உண்டு.

கைப்பணத்தை இந்த வருடம் அதில் போடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. புதுக்கன்று நட்டால் பால் வெட்ட ஏறக்குறைய ஏழு வருடம் ஆகும். தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் மரத்தின் சுற்றளவு 50 செ.மீ. வந்தால்தான் கத்தி வைக்கலாம். உங்களுக்கு ரொக்கம் தேவைப்படப் போவது அடுத்த ஒன்றரை வருடத்துக்குள். வீட்டுக்கு முன்பணம், சமையலறை, மூன்று பேருக்கு உண்டான செலவு எல்லாம் அப்போது ஒன்றாக வரும்.

பின்னாளில் கருங்கல்லிலோ மார்த்தாண்டத்திலோ வீட்டு மனை வாங்கும்போது பவர் தேவைப்படலாம். அதை ஹெஸ்ஸனுக்குரிய ஃபிராங்க்ஃபர்ட் இந்தியத் துணைத் தூதரகத்தில் நேரில் போய்க் கையெழுத்திட்டுச் சான்று வாங்குங்கள். எந்தச் சர்வே எண், என்ன வேலை, யாருக்கு அதிகாரம் என்பதை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதும் பொதுப் பவர் வேண்டாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இந்தக் கெடுவை மறந்துவிட்டுப் பவரையே திரும்ப எழுதியவர்கள் உண்டு.

பணம் அனுப்புகிற வழியையும் இப்போதே சரிசெய்யுங்கள். ஊரில் உள்ள உங்கள் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ்பவர் இந்திய வருமானத்தை வைக்கும் என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். யூரோவிலிருந்து வரும் பணத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்குத் திறக்க வேண்டும். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்று வங்கியில் சொல்வது சரிதான். ஆனால் நீங்கள் ஜெர்மனியில் குடியிருப்பவர், உலகத்தில் எங்கே வட்டி வந்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். வட்டி, டிவிடெண்ட் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,000 யூரோ வரை வரியில்லை. வருமானமில்லாத பெற்றோருக்கு அனுப்பும் செலவுப் பணத்தை வரிக் கணக்கில் ஓரளவு கழிக்கவும் முடியும். 2025 முதல் அதற்கு ஒரு நிபந்தனை: யாரைத் தாங்குகிறீர்களோ அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே பணம் போயிருக்க வேண்டும். லீவுக்கு ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பும் பணம் கணக்கில் வராது.

இனிச் சம்பளச் சீட்டு. அங்கே ஒரு காகிதம் அடுத்த காகிதத்தைத் திறக்கும் சாவி. வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட, நீங்கள் குடிவந்ததற்கான சான்று வேண்டும், வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிவு முடிந்தால் 11 இலக்க வரி அடையாள எண் தபாலில் வரும். அந்த எண்ணைச் சம்பளப் பிரிவுக்குக் கொடுத்தால்தான் அவர்கள் உங்கள் வரி வகுப்பை, அதாவது எந்தக் கணக்கில் வரி பிடிப்பது என்பதை, எடுக்க முடியும். எண் கிடைக்காவிட்டால் கடைசியில் 6-ஆம் வகுப்பில் போட்டுவிடுவார்கள். அந்த வகுப்பில் அடிப்படை விலக்கே கிடையாது, முதல் யூரோவிலிருந்து வரி. மற்றவர்களுக்கு 2026-இல் வருடத்துக்கு 12,348 யூரோ வரை வருமான வரி இல்லை என்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகிறது என்று தெரியும்.

எண் எங்கே நின்றிருக்கும் என்று தேட வேண்டிய முதல் இடம் உங்கள் தபால் பெட்டி. ஜெர்மன் முகவரியில் வீட்டுக் கதவு எண் போடும் வழக்கம் இல்லை. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துப் போடுவார், பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிவிடும். நம் ஊர் இனிஷியல் இங்கே கூடுதல் குழப்பம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரோ கணவர் பெயரோ இருந்தால், கடிதம் எல்லாம் அந்தப் பெயருக்கே வரும். பெட்டியில் உங்கள் சொந்தப் பெயரை மட்டும் ஒட்டியிருந்தால் அது நீங்கள்தான் என்று தபால்காரருக்கு எப்படித் தெரியும்? பாஸ்போர்ட்டில் உள்ளபடி இரண்டு பெயரையும் ஒட்டுங்கள். ஆஸ்பத்திரி, வங்கி, காப்பீடு எல்லா இடத்திலும் அதே எழுத்துக் கூட்டு இருக்கட்டும். பிறகு பதிவு அலுவலகத்தில் முகவரி சரியாக ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். வரி எண்ணை மறுபடி அனுப்பச் சொல்லி மத்திய வரி அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். நகரத்து வரி அலுவலகத்துக்கு, அதாவது ஃபினான்ஸ்ஆம்ட்டுக்கு, பாஸ்போர்ட்டோடு நேரில் போனாலும் வழி சொல்வார்கள்.

கணவர் இந்தியாவில் இருக்கும்வரை, மணமானவர் என்றாலும் உங்களுக்கு 1-ஆம் வகுப்புத்தான். அவர் வந்து முகவரி பதிந்த பிறகு இருவருக்கும் 4 என்று மாறும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் காலத்தில் சம்பாதிப்பவருக்கு 3, மற்றவருக்கு 5 என்று விண்ணப்பித்தால் மாதாமாதம் கைக்கு வருவது கூடும். இதுவரை அதிகமாகப் பிடித்தது வீணாகாது. அதே வருடத்துக்குள் வகுப்பு திருத்தப்பட்டால் சம்பளப் பிரிவே சரிக்கட்டிக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் வருட முடிவில் வரிக் கணக்குத் தாக்கல் செய்து வாங்கலாம்.

வரி சரியானாலும் சமூகக் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கும். ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், வேலையின்மைக்கு 1.3, மருத்துவத்துக்கு 7.3, அதோடு உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் கூடுதல் விகிதத்தில் பாதி, முதுமையிலோ நோயிலோ பிறர் உதவி தேவைப்படும் காலத்துக்கான பராமரிப்புக் காப்பீட்டுக்கு 1.8. எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 21 சதவீதம். இது உங்கள் பங்குதான், இதற்கு நிகராக ஆஸ்பத்திரியும் கட்டுகிறது. இதில் ஒன்றை மட்டும் பாருங்கள். 23 வயது தாண்டிய, பிள்ளை இல்லாதவர்களிடம் பராமரிப்புக் காப்பீட்டுக்கு இன்னும் 0.6 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்கு மகள் இருக்கிறாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்ப்பையும் சம்பளப் பிரிவில் கொடுத்தால் அந்தப் பிடித்தம் நிற்கும். 2,800 யூரோ சம்பளத்துக்கு அது மாதம் 16.80 யூரோ.

'ஆர்கே' என்பது ரோமன் கத்தோலிக்கர் என்பதன் சுருக்கம். முகவரி பதியும்போது மதம் கேட்டிருப்பார்கள், நீங்கள் உள்ளதை எழுதியிருப்பீர்கள். அந்தப் பதில் திருச்சபை வரியாக மாறுகிறது. ஹெஸ்ஸனில் அது வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கிலும் 8. சம்பளத்தில் 9 சதவீதம் என்று பயப்பட வேண்டாம். வருமான வரி 250 யூரோ என்றால் இது 22.50 யூரோ. 6-ஆம் வகுப்பில் வரி வீங்கியிருப்பதால் இதுவும் சேர்ந்து வீங்கியிருக்கிறது, வகுப்பு மாறினால் தானே இறங்கும். நீதிமன்றத்தில் கட்டணம் கட்டி எழுதிக்கொடுத்து விலகலாம் என்று கூட இருப்பவர்கள் சொல்வார்கள். அது வெறும் வரிப் படிவம் கிடையாது. அங்குள்ள கத்தோலிக்கத் திருச்சபை அதைச் சபையை விட்டுப் போனதாகவே எடுத்துக்கொள்ளும், திருவருட்சாதனங்களில் பங்குபெறுவதையும் அது பாதிக்கும். உங்கள் ஆஸ்பத்திரி கத்தோலிக்க அமைப்பு நடத்துவதாக இருந்தால் வேலைக்கே கேள்வி வரலாம். மகளுக்கு அங்கே புதுநன்மை கொடுக்க நினைக்கும் குடும்பம், மாதம் இருபது யூரோவுக்காக அவசரப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். முடிவு உங்களுடையது.

ஒலிபரப்புக் கட்டணத்தைக் கிழித்துப் போடாதீர்கள். டி.வி. இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதல்ல அது. ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்து 55.08. ஆள் கணக்கு இல்லை, வீட்டுக் கணக்கு. ஒரே வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் பெயரில் கட்டினால் போதும். மற்ற மூவரும் அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். பதில் போகாவிட்டால் நாலு பேரையும் தனித்தனியாகப் பதிந்து, குடிவந்த மாதத்திலிருந்து கணக்குப் போடுவார்கள், தாமதக் கட்டணமும் ஏறும். உங்கள் இருப்பிடம் பொது நடைபாதையிலிருந்து தனித்தனி அறைகளுக்குப் போகிற விடுதி போன்றதாக இருந்தால் ஒவ்வோர் அறையும் ஒரு வீடாகக் கருதப்படலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூஞ்சை விஷயத்தில் பொறுப்பாளர் எழுதிய விதம் உங்களைப் புண்படுத்தியிருக்கும். இருந்தாலும் காரணத்தைப் புரிந்துகொண்டால் உங்களால் தீர்க்க முடிகிற சிக்கல் அது. நம் ஊர் வீட்டில் ஜன்னல், ஓட்டு இடுக்கு எல்லாம் வழியாக ஆவி போய்க்கொண்டே இருக்கும். அங்கே ஜன்னல் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டிருக்கிறது. நாலு பேருக்குச் சோறு வடித்து, தீயலும் மீன்கறியும் கொதிக்கவைத்து, துணியையும் அறைக்குள் காயப்போட்டால் அத்தனை ஈரமும் உள்ளேதான் சுற்றும். வெளிச்சுவரின் குளிர்ந்த மூலையில் பட்டதும் அது தண்ணீராகப் படிகிறது, அங்கே பூஞ்சை பிடிக்கிறது. ஜன்னலைக் கொஞ்சமாகச் சாய்த்து நாள் முழுக்க விட்டால் சுவர்தான் குளிரும், ஈரம் போகாது. முழுசாகத் திறந்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, அந்த நேரம் ஹீட்டரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். சமைக்கும்போது சமையலறைக் கதவு மூடியிருக்கட்டும், பாத்திரத்துக்கு மூடி இருக்கட்டும், முடிந்ததும் ஜன்னல். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டிப் போடாமல் 10 செ.மீ. இடம் விடுங்கள். குளிர்காலத்தில் யாரும் இல்லாத அறையிலும் ஹீட்டர் கொஞ்சமாவது ஓட வேண்டும். ஒரு வாரம் இப்படிச் செய்தும் ஒரே மூலையில் ஈரம் வந்தால் தண்ணீர்க் குழாயோ சுவரோ பழுதாக இருக்கலாம். தேதியோடு படம் எடுத்து எழுத்தில் புகார் கொடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். ஊரிலிருந்து கொண்டுபோன மிக்ஸி அங்கே ஓடும், இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். பிளக் மட்டும் பொருந்தாது. எர்த் இணைப்புள்ள அடாப்டராக வாங்குங்கள். பிற்பகல் ஷிப்ட் முடிந்து வந்து இரவு பத்து மணிக்கு மேல் மாவு அரைக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரையும் ஞாயிறு முழுவதும் அமைதி காக்கும் நேரம். அடுத்த புகார் அதற்குத்தான் வரும்.

கடைசியாகக் குடும்பம். இதற்கு முன் உங்கள் அங்கீகாரம் முடிய வேண்டும். உங்கள் படிப்பில் எது குறைகிறது என்று சொல்லும் குறைபாட்டு அறிக்கை வந்தவுடன், அதை ஈடுகட்டத் தகவமைப்புப் பயிற்சியா, அறிவுத் தேர்வா என்று தீர்மானித்து, தேதியை ஆஸ்பத்திரியின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். அங்கீகாரம் வந்தால் உதவியாளர் நிலையிலிருந்து தகுதி பெற்ற நர்சாகிறீர்கள், சம்பளம் ஏறும், குடியிருப்பு அனுமதியும் திறன்பெற்ற பணியாளர் என்று மாறும். அதன் பிறகு குடும்ப விசா கேட்பது எளிது. இன்றைய நிலையில் நாலு பேர் வீட்டில் கணவரையும் குழந்தையையும் குடிவைக்கவும் முடியாது.

வெளியே வீடு தேடும்போது விளம்பரத்தில் இருக்கும் கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை. வார்ம்மீட்டேயில் தண்ணீர், குப்பை, பெரும்பாலும் ஹீட்டரும் சேரும். மின்சாரம் அனேகமாகத் தனி. முன்பணம் வெறும் வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. அதையும் மூன்று சம மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. பல வீடுகளில் சமையலறை காலியாக இருக்கும், அடுப்பும் தொட்டியும் நீங்களே வாங்கிப் போட வேண்டும். கடன் வரலாற்றுச் சான்றான ஷூஃபா உங்களுக்கு ஏறக்குறைய வெறுமையாகத்தான் இருக்கும். அதற்கு ஈடாகக் கடைசி மூன்று சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், வாடகை பாக்கி இல்லை என்று ஆஸ்பத்திரியின் சான்று மூன்றையும் ஒரே கோப்பாக வைத்திருங்கள். வகுப்பு 6 சீட்டைக் காட்டினால் கைச்சம்பளம் குறைவாகத் தெரிந்து வீட்டுக்காரர் தயங்குவார். வரி வகுப்பை முதலில் சரிசெய்யச் சொல்வது இதற்காகவும்தான். வீட்டைப் பார்க்காமல், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்பவருக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

ஊரில் கணவர் இன்றே தொடங்கக் கூடிய வேலைகள் உண்டு. ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) வகுப்பு முதலாவது. திருவனந்தபுரத்தில் ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே மையம் இருப்பதால் கருங்கல்லிலிருந்து சென்னை போய்த் தங்க வேண்டியதில்லை. விசாவுக்கு அந்த ஏ1 சான்று கேட்டாலும் கேட்காவிட்டாலும், வந்த பிறகு வேலை தேட மொழி வேண்டும். விசா விண்ணப்பம் மட்டும் தமிழ்நாட்டு முகவரிக்காரர் என்பதால் சென்னை ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு உரியது, திருவனந்தபுரம் பக்கம் என்பதால் மாறாது. கோயிலில் கொடுத்த திருமணச் சான்று மட்டும் இருந்தால் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிந்த சான்று வாங்க வேண்டும். அதில் உள்ள பெயர்கள், மகளின் பிறப்புச் சான்றில் உள்ள பெற்றோர் பெயர்கள், மூவரின் பாஸ்போர்ட் எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் இனிஷியலும் மற்றோரிடத்தில் முழுப் பெயரும் இருந்தால் இப்போதே திருத்துங்கள். ஜெர்மனி இந்தியாவின் அப்போஸ்டில் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும்) முத்திரையை ஏற்பதில்லை. அதை வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் பணம் கேட்டால், ஜெர்மன் அலுவலகத்திலிருந்து எழுத்தில் வந்தாலொழியக் கொடுக்க வேண்டாம். சந்தேகம் வந்தால் தூதரகத்தார் ஆவணத்தை ஊரிலேயே ஆள் வைத்துச் சரிபார்ப்பார்கள், அதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

மகள் வந்து முகவரி பதிந்ததும் அரசு தரும் குழந்தைப் பணத்துக்கு விண்ணப்பியுங்கள். 2026-இல் மாதம் 259 யூரோ. அவள் இந்தியாவில் இருக்கும்வரை அது கிடைக்காது, வந்த பிறகு தாமதித்தால் பின்தேதிக்கு ஆறு மாதம் மட்டுமே தருவார்கள். மழலையர் பள்ளியில் சேர்க்கத் தட்டம்மைத் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்கான ஆதாரம் சட்டப்படி வேண்டும். நம் ஊரில் அது ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதை ஒட்டியும் போடும் எம்.ஆர். ஊசி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த அட்டையில் இரண்டாவது தவணைக்குத் தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தேதியோ முத்திரையோ விட்டுப்போயிருந்தால், ஊசி போட்ட நர்சம்மா அங்கே இருக்கும்போதே எழுதி வாங்கிவிடட்டும்.